சிறு பட்டறை வைத்திருப்பவர் தொழிலாளர் சட்டங்களை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்களுக்குப் புரியும். கோவையில் ஜாப் ஒர்க் (பிற கம்பெனிகளின் ஆர்டரைக் கூலிக்குச் செய்து கொடுக்கும்) பட்டறை, நேரடியாக 17 பேர், காண்ட்ராக்டர் மூலம் 4 பேர். 20-க்குக் கீழ்தானே என்று இதுவரை பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எதுவும் கட்டவில்லை. இப்போது ஒரு பெரிய கம்பெனி ஆர்டர் தரத் தயார், ஆனால் சலானும் (பணம் கட்டியதற்கான சீட்டு) பதிவேடும் காட்டச் சொல்கிறது. என்ன செய்வது?

கோவையில் சிறு நிறுவனங்களுக்கு இந்த வேலையைத்தான் நான் செய்து கொடுக்கிறேன். அதனால் நேராகவே சொல்கிறேன், நீங்கள் 17 பேர் இல்லை, 21 பேர். பி.எஃப். 20 பேரிலிருந்தும், இ.எஸ்.ஐ. 10 பேரிலிருந்தும் பொருந்தும்.

காண்ட்ராக்டர் மூலம் வந்தாலும் உங்கள் கூரைக்குக் கீழே, உங்கள் வேலையைச் செய்பவர் உங்கள் எண்ணிக்கையில்தான் வருவார், குறிப்பாக அந்தக் காண்ட்ராக்டருக்குத் தனியாக பி.எஃப். கோடு (பதிவு எண்) இல்லாதபோது. லோடு இறக்குபவர், இரவு வாட்ச்மேன், காலையில் கூட்டிப் பெருக்கும் அம்மா, இவர்களையெல்லாம் யாரும் எண்ணுவதே இல்லை. "அவங்க நம்ம ரோல்ல இல்லைங்க" என்பதுதான் எல்லாப் பட்டறையிலும் கேட்கிற பதில். ரோலில், அதாவது ஆள் பட்டியலில், எழுதவில்லை என்பதால் சட்டத்தில் இல்லாமல் போவதில்லை. இன்னொன்று, பி.எஃப். ஒருமுறை பொருந்திவிட்டால் பிறகு ஆள் குறைந்து 15 ஆனாலும் விலகாது. ஆகவே நீங்கள் எடுக்க வேண்டிய முதல் தேதி, 20-ஆவது ஆள் எப்போது உள்ளே வந்தார் என்பது. இ.எஸ்.ஐ.க்கு அதே கேள்வி 10-ஆவது ஆளை வைத்து. அது நிச்சயம் பல வருடம் முன்னால் இருக்கும்.

20-ஐத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆட்களை இரண்டு பெயரில் பிரிப்பது, மனைவி பெயரில் இன்னொரு ஃபர்ம் போடுவது என்று யோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். ஒரே இடம், ஒரே மின் இணைப்பு, ஒரே சூப்பர்வைசர், மெஷின் இங்கேயும் அங்கேயும் மாறி ஓடுகிறது என்றால் விசாரணையில் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். எண்ணிக்கையை மறைப்பதுதான் ஒரு முதலாளிக்கு இருக்கிற வழிகளிலேயே அதிகச் செலவு வைக்கும் வழி. எவ்வளவு என்று கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

உதாரணத்துக்கு 22 பேர், ஆளுக்குச் சராசரியாக மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். பி.எஃப். ஒழுங்காகக் கட்டினால் முதலாளி பங்கு 12 சதவீதம், நிர்வாகக் கட்டணம் அரை, இன்சூரன்ஸ் அரை, ஆக 13 சதவீதம். வருடத்துக்குச் சுமார் 4 லட்சத்து 12 ஆயிரம். கட்டாமல் விட்டு, பிறகு விசாரணையில் கணக்குப் போட்டால், தொழிலாளி பங்கு 12 சதவீதமும் உங்கள் தலையில்தான் விழும். ஏனென்றால் அந்த மாதச் சம்பளத்தில் பிடிக்காததைப் பிறகு வரும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அப்போது அதே ஒரு வருடத்துக்கு 7 லட்சத்து 92 ஆயிரம். அதன் மேல் வருடத்துக்கு 12 சதவீதம் வட்டி. அதற்கும் மேல் தாமதத்துக்கான அபராதம் மாதம் 1 சதவீதம் (2024 ஜூனிலிருந்து இந்த விகிதம், அதற்கு முன் தாமதம் நீண்டால் வருடத்துக்கு 25 சதவீதம் வரை போனது). மூன்று நான்கு வருடம் விட்டிருந்தால் ஒரு நல்ல சி.என்.சி. மெஷினுக்கு முன்பணம் கட்டுகிற தொகை அப்படியே போய்விடும்.

இ.எஸ்.ஐ. பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைக்காரர்களுக்கு பி.எஃப்.ஐ விட இதுதான் உயிர் போகிற விஷயம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இது பொருந்தும். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75. 14,000 ரூபாய் சம்பளக்காரருக்கு உங்கள் பங்கு 455 ரூபாய், அவருடைய பங்கு 105. இதற்கு என்ன கிடைக்கிறது? சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அவருக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை, நோயில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், வேலையில் அடிபட்டால் குணமாகும் வரை 90 சதவீதம், பெண் தொழிலாளிக்குப் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம்.

பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஓடுகிற ஒரு பட்டறையை நினைத்துப் பாருங்கள். ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கிறது, அவசர ஆர்டர், கார்டை (கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பை) கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். 30 வயதுப் பையனுக்கு ஆள்காட்டி விரல் முழுதாகப் போய்விடுகிறது. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை, இ.எஸ்.ஐ. இல்லை என்றால் தொழிலாளர் இழப்பீட்டுக் கணக்கு வரும். 15,000 ரூபாய் சம்பளத்தில் 60 சதவீதம், அதை 30 வயதுக்கு உரிய 207.98 என்ற காரணியால் பெருக்கி, அதில் ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம். சுமார் 2 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய், ஆஸ்பத்திரிச் செலவு தனி. பத்துப் பேருக்கு மேல் இருந்தும் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் அந்தப் பையனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அதன் மூலதன மதிப்பை (இனிக் கொடுக்க வேண்டியதையும் சேர்த்த மொத்தத் தொகையை) முதலாளியிடம் வசூலிக்க முடியும். மாதம் 455 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக ஏற்கிற ஆபத்து இது. போன விரலுக்கு எந்தக் கணக்கிலும் ஈடு கிடையாது என்பது வேறு. அதனால் சலான் கட்டுவதோடு கார்டையும் கழற்ற விடாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, சம்பளப் பிரிப்புக்கு வருவோம். பேசிக் 5,000, வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, துவைப்புப் படி என்று 14,000-ஐ உடைத்து, 5,000-க்கு மட்டும் பி.எஃப். கட்டும் பழக்கம் நம் ஊரில் வெகு காலம் ஓடியது. எல்லோருக்கும் பொதுவாக, வழக்கமாகத் தருகிற படியும் அடிப்படைச் சம்பளத்தில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. இப்போது அதற்கும் மேல், 29 பழைய மத்தியச் சட்டங்களைச் சேர்த்த நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அதன்படி சம்பளக் கணக்கில் சேர்க்காமல் விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மேலே போன பகுதி சம்பளமாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே புதிதாகத் தொடங்கும் நீங்கள் அந்தப் பிரிப்பு விளையாட்டுக்கே போக வேண்டாம். பி.எஃப். 20, இ.எஸ்.ஐ. 10 என்ற வரம்புகள் புதிய தொகுப்பிலும் அப்படியேதான் இருக்கின்றன. கூடுதலாக நீங்கள் கவனிக்க வேண்டியவை: ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம், வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கு முடிப்பது, ஓ.டி.க்கு (கூடுதல் நேர வேலைக்கு) இரட்டைச் சம்பளம். நியமனக் கடிதம் ஒரு பக்கம் போதும், தமிழிலேயே இருக்கட்டும், கையெழுத்து வாங்கி ஒரு நகல் அவரிடம் கொடுங்கள்.

இதையெல்லாம் ஆரம்பிக்கும்போது உங்களுக்கு முதலில் வரும் எதிர்ப்பு அரசாங்கத்திடமிருந்து அல்ல, உங்கள் ஆட்களிடமிருந்துதான். சனிக்கிழமை சாயங்காலம் கவரை வாங்கிப் பிரித்து எண்ணுபவர், "எனக்கு பி.எஃப். எல்லாம் வேண்டாம் அண்ணா, கையிலேயே கொடுத்துருங்க" என்பார். பெரும்பாலான முதலாளிகள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள், தொழிலாளியே வேண்டாம் என்கிறாரே என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காகிதத்துக்கு மதிப்பே கிடையாது. 15,000 ரூபாய்க்குள் சம்பளத்தில் புதிதாகச் சேர்பவர் தானாக விலகிக்கொள்ள முடியாது. அதனால் எழுதி வாங்குவதற்குப் பதில் உட்கார்ந்து பேசுங்கள். நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: உங்கள் 12 சதவீதத்துக்கு முதலாளியும் 12 போடுகிறார். அதில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது. வேலையில் இருக்கும்போது நீங்கள் இறந்துபோனால், ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. இன்சூரன்ஸில் 7 லட்சம் வரை வரலாம், அதற்கு உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் பிடிப்பதில்லை. இதைக் கேட்டபின் வேண்டாம் என்பவர்கள் குறைவு. வடமாநிலப் பையன்கள் ஆறு மாதத்தில் போய்விடுவார்கள், அவர்களுக்கு எதற்கு என்பார்கள் சிலர். அவர்களுக்கும் பொருந்தும், அவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் அதே யு.ஏ.என். (ஆளுக்கு ஒன்றாகத் தரும் பி.எஃப். எண்) கூடவே போகும்.

வேலை சிக்குவது பெயரில்தான். ஆதாரில் "முருகன் எஸ்", பேங்க் பாஸ்புக்கில் "எஸ் முருகன்", பான் கார்டில் அப்பா பெயரை முழுதாக விரித்து "சுப்பிரமணியன் முருகன்". நம் இன்ஷியல் பழக்கம் இந்தக் கம்ப்யூட்டருக்குப் புரிவதில்லை. 2025 ஆகஸ்ட் முதல் புது யு.ஏ.என். எடுக்க உமங் என்ற அரசுச் செயலியில் தொழிலாளியின் முகத்தைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும், எனவே ஆதாரில் போன் நம்பர் இணைந்திருக்கிறதா, பிறந்த தேதி சரியா என்று முன்னாடியே பார்த்து, தவறு இருந்தால் ஆதார் மையத்துக்கு அரை நாள் சம்பளத்தோடு அனுப்பி வையுங்கள். நீங்கள் செய்யும் மற்ற எந்த வேலையையும் விட இது பின்னால் அதிகம் உதவும். இருபது வருடம் கட்டிய பணத்தை எடுக்க வரும்போது ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மற்றவை கொஞ்சம் வேகமாக. பத்துப் பேருக்கு மேல் என்பதால் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி உள்ளகக் குழு (புகார்களை விசாரிக்கும் குழு) அமைக்க வேண்டும். தலைவர் பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அபராதத்துக்காக மட்டும் செய்யாதீர்கள், குழுவில் இருப்பவர் யார், யாரிடம் போய்ச் சொல்லலாம் என்பது பேக்கிங்கில் இருக்கும் பெண்ணுக்கும் தெரியும்படி பலகையில் எழுதி வையுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை. தொழிலாளர் நல நிதிக்கு வருடத்துக்கு ஆளுக்கு 60 ரூபாய், அதில் 40 உங்களுடையது. தீபாவளி போனஸை ஸ்வீட் பாக்ஸோடு கவரில் கொடுக்கிறீர்கள் அல்லவா, கொடுங்கள், ஆனால் தொகையை எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். எழுதாத பணம் கொடுக்காத பணமாகத்தான் நிற்கும். அட்வான்ஸும் அப்படியே. திரும்பப் பிடிக்கும்போது எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

கிராஜுவிட்டிக்கு, அதாவது பல வருடம் இருந்தவர் விலகும்போது தர வேண்டிய பணிக்கொடைக்கு, இப்போதே ஒதுக்கி வைக்கத் தொடங்குங்கள். 12 வருடம் இருந்த டர்னர், கடைசிச் சம்பளம் 18,000 என்றால், 18,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, அதை 12-ஆல் பெருக்கினால் 1 லட்சத்து 24 ஆயிரத்துச் சொச்சம், 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். "நல்லா வெச்சுக்கிட்டோம், கல்யாணத்துக்கு ஐம்பதாயிரம் குடுத்தோம்" என்பதெல்லாம் இதில் கழியாது.

கன்சல்டன்ட் விஷயம். நானே அந்தத் தொழிலில் இருந்துகொண்டு சொல்கிறேன், யாரை வைத்தாலும் லாகின், பாஸ்வேர்ட், ஓ.டி.பி. வரும் போன் நம்பர் மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். பணத்தை ரொக்கமாக அவரிடம் கொடுக்காதீர்கள், உங்கள் பேங்க் கணக்கிலிருந்து நேராக சலானுக்குப் போகட்டும். ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்டிய சலானை நீங்களே திறந்து பாருங்கள், ஆட்களின் எண்ணிக்கை அந்த மாத வருகைப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று எண்ணுங்கள். வாங்கிய பணத்தைக் கட்டாமல் விட்ட இடைத்தரகர்களைப் பற்றி நம் ஊரில் கேள்விப்படாதவர் இல்லை, அப்போதும் பொறுப்பு முதலாளி மேல்தான். பதிவு செய்ய அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, அந்தப் பெரிய கம்பெனிக்கு என்ன காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று வருடத்துக்குப் பழைய தேதி போட்டுப் பதிவேடு எழுதித் தருகிறேன் என்று ஆள் வருவார், அவரை உள்ளே விடாதீர்கள். அப்படி எழுதிய பதிவேடுகளைப் பார்த்தாலே தெரியும். மூன்று வருடமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, பொங்கல் அன்றும் 17 பேரும் வேலைக்கு வந்ததாக "பி" போட்டிருக்கும், தாள் மடிப்பே இருக்காது. அந்தக் கம்பெனி அனுப்பும் ஆடிட்டர்கள் இதைத்தான் முதலில் புரட்டுவார்கள். அதற்குப் பதில் இந்த மாதமே பதிவு செய்து, பதிவுச் சான்றையும் முதல் சலானையும் நியமனக் கடிதங்களையும் உண்மையான தேதியோடு கொடுங்கள். பழைய பாக்கியை எந்த மாதத்திலிருந்து, எத்தனை பேருக்கு, எத்தனை தவணையில் கட்டப்போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். நான் பார்த்த வெண்டர் ஆடிட்டுகளில் (ஆர்டர் எடுப்பவரைக் கம்பெனி சோதிப்பது) இந்த ஒரு பக்கத்துக்கு மரியாதை இருந்தது, பலருக்கு இரண்டு மூன்று மாதம் அவகாசமும் கொடுத்தார்கள். காண்ட்ராக்டரை நாளைக்கே கூப்பிட்டு அவருடைய பி.எஃப்., இ.எஸ்.ஐ. கோடு எண்களைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அந்த நான்கு பேரையும் உங்கள் கோடிலேயே சேர்த்துவிடுங்கள்.