மெத்வேதி: 'தேனை அறிந்தவன்' அல்ல, 'தேன் தின்னி'

ரஷ்ய மெத்வேத் (கரடி) என்பதை 'மெத் + வேத்' என்று பிரித்து, 'தேன் இருக்கும் இடம் அறிந்தவன்' எனப் பொருள் கொண்டிருக்கிறீர்கள். ரஷ்யர்களே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அது பிற்காலத்தில் மக்கள் கற்பித்த பொருள்.

ரஷ்யம், உக்ரைனியம் போன்றவற்றின் மூதாதையான ஆதி ஸ்லாவிய மொழியில் இந்தச் சொல் *மெத்வேதி என்று இருந்ததாக அறிஞர்கள் மீட்டுருவாக்குகிறார்கள் (எழுத்தில் கிடைக்காத, ஊகித்த வடிவம் என்பதற்கே உடுக்குறி). முதல் பகுதி தேன், இரண்டாவது 'ஏத்', அதாவது தின்னுதல். அப்படியானால் நடுவில் வகரம் எங்கிருந்து வந்தது? தேனுக்கான சொல் முன்பு உகரத்தில் முடிந்தது: மெது. சமஸ்கிருத 'மது' இதன் உறவுதான். உகரத்தின் பின் உயிர் வந்தால் வகரமாகிவிடும். மனு + அந்தரம் மன்வந்தரம் ஆவதை நினைத்துப் பாருங்கள், அதே வேலைதான் இங்கும். ரிக்வேதத்தில் 'மத்வத்', இனிப்பை உண்பது, என்ற இணைச்சொல்லே இருக்கிறது. அங்கே அது பறவைகளைக் குறிக்கிறது. எனக்கு மிகப் பிடித்த சான்று இது.

கரடிக்கு இந்த மொழிகளின் பொது மூதாதையான இந்தோ-ஐரோப்பியத்தில் இருந்த பழைய சொல் கிரேக்கத்தில் ஆர்க்டோஸ், சமஸ்கிருதத்தில் ருக்ஷ என நிலைத்தது. ஸ்லாவியரிடம் மறைந்துவிட்டது. வேட்டைக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்ல அஞ்சி, 'தேன் தின்னி' என்று சுற்றிச் சொன்னதே காரணம் என்பது பொதுவான விளக்கம்.

அப்புறம், மெத்வேத் எந்தப் பால், எப்படி வேற்றுமை ஏற்கும் என்ற உங்கள் இலக்கணக் கேள்வி. இது ஆண்பால், முன்பு இகரத்தில் முடிந்த சொல்வகை. ரஷ்யத்தில் அந்த வகை ஆண்பாற் சொற்கள் வேறு வகைச் சொற்களின் வேற்றுமை உருபுகளுக்கு மாறிவிட்டன. அதனால்தான் ஆறாம் வேற்றுமையில் 'மெத்வேத்யா' (கரடியின்). 'புத்' (வழி) மட்டும் அதே வேற்றுமையில் இன்னும் பழையபடி 'புதி' என்றே வருகிறது. உக்ரைனிய 'வெத்மித்' வேறு சொல்லல்ல, எழுத்துகள் இடம் மாறியதுதான்.