வானத்தில் எத்தனை கிலோமீட்டர், கடிகாரத்தில் எத்தனை மணி?

சென்னையில் இரவு 11.30-க்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 6.20 என்று டிக்கெட் சொல்கிறது. ஏழு மணி நேரப் பயணமா?

இல்லை. இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம்தான். திரும்பி வரும்போது இரவு 8-க்கு ஏறி 9.45-க்கே சென்னையில் இறங்கலாம், அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இந்த இரண்டரை மணி நேரமே 1982-இல் வந்ததுதான். அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது.

தூரம் 2,900 கி.மீ., விமான வேகம் 850 கி.மீ. என்றால் மூன்றரை மணி கூட ஆகாதே?

கணக்கு சரி, ஆனால் அந்த வேகம் உச்சியில் போகும்போது மட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வளவு இருக்காது. டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்து நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் காத்திருப்பது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தை நெருங்கியதும் இறங்கும் முறைக்காக வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். தாமதப் பேர் வராமலிருக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடுவதும் உண்டு. 2,900 என்பதும் பூமியின் வளைவில் அளந்த மிகக் குறுகிய தூரம். நிஜத்தில் வான்வழித் தடங்களை ஒட்டிப் போவதால் சற்றுக் கூடும்.

தஞ்சாவூர்க்காரன் நான். சிங்கப்பூருக்குத் திருச்சிதானே பக்கம்?

வரைபடத்தில் திருச்சி தெற்கே இருப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் அது சென்னையைவிட மேற்கே தள்ளியும் இருக்கிறது. அதனால் சென்னையிலிருந்துதான் சுமார் 50 கி.மீ. குறைவு. வானத்தில் அது நாலைந்து நிமிடம். சாலையில் சென்னைக்கு உங்களுக்கு 340 கி.மீ., திருச்சிக்கு அறுபதுக்குள். யோசிக்கவே வேண்டாம், திருச்சிக்கே போங்கள்.

சென்னை–லண்டன் போக அதிக நேரம், வரக் குறைவு. பூமி கிழக்கே சுழல்வதாலா?

நேரடியாக அதனால் இல்லை, காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கிறது. காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக் காற்று. போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. சுமார் 8,200 கி.மீ. வழியில் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் வரை வித்தியாசம் வரலாம். நிலநடுக்கோட்டுப் பக்கம் இந்தக் காற்று வலுவில்லாததால் சிங்கப்பூர் வழியில் போக வர நேரம் பெரிதாக மாறாது.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் 360 கி.மீ.தானே, ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல்?

யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்குப் போவது புரொப்பெல்லர் வைத்த சிறிய ஏடிஆர் விமானம். மணிக்கு 500 கி.மீ. அதற்கு நல்ல வேகம். கடிகாரத்தைத் தொட வேண்டாம், இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே. அப்புறம் பாஸ்போர்ட், விசா, குடியேற்றச் சோதனை எல்லாம் உண்டு. மதுரைக்குப் பறப்பதுபோல் கடைசி நேரத்தில் ஓடி ஏற முடியாது. மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கம் போய்விடுங்கள்.