மாவு கிண்ணத்திலேயே இறுகிவிடுகிறதே, டாக்டர்!

கேள்வி: நான் பி.டி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டென்டல் மெட்டீரியல்ஸ் பாடத்தில் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வருகிறது. பிராக்டிகலில் மட்டும், பல் அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் மாவைக் கலந்தால், ட்ரேயில் எடுத்து வைப்பதற்குள் இறுகிவிடுகிறது. இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கிறது. கூடப் படிப்பவர்களுக்குச் சரியாக வருகிறது. எனக்குக் கைராசி இல்லையோ என்று பயமாக இருக்கிறது.
- மாணவி, நாகர்கோவில்

பதில்: கைராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையம்மா. நீ எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறாய் என்று முதலில் பார்.

நான் மாணவியாக இருந்தபோது ஓர் ஏப்ரல் மதியம் அடுத்தடுத்து மூன்று கிண்ணம் மாவு வீணாயிற்று. நோட்டில் எழுதியிருந்தபடியேதான் செய்தேன். அழுகை வரும் நிலையில் நின்றபோது, லேப் அட்டெண்டர் அண்ணன் ஒருவர் மூலையில் இருந்த மண்பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தார். நாலாவது கிண்ணம் வெண்ணெய் மாதிரி வந்தது. அதுவரை நான் ஊற்றியது மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர். வெயிலில் காய்ந்து கையில் சுட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரின் சூடு 10 டிகிரி ஏறினால் இறுகும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம் குறையும். ஆல்ஜினேட்டுக்கு இருப்பதே இரண்டு, மூன்று நிமிடம்தான். அதில் ஒரு நிமிடம் போனால் என்ன மிஞ்சும்? 20 டிகிரியை ஒட்டிய தண்ணீர் போதும். உடனே இறுகுகிறதே என்று தண்ணீரைக் கூட்டி ஊற்றாதே. மாவு பலம் இழந்து, வாயிலிருந்து எடுக்கும்போது கிழியும். அளவை மாற்றாதே, சூட்டை மாற்று.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் கை தானாக நிதானப்படும். மாவில் ஆல்ஜினேட் உப்பும் கால்சியம் சல்பேட்டும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் ரப்பர் போல இறுகும். ஆனால் கூடவே கொஞ்சம் சோடியம் பாஸ்பேட் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் கால்சியம் முதலில் பாஸ்பேட்டோடு போய்ச் சேரும். அந்தப் பாஸ்பேட் தீரும் வரைதான் உன் நேரம்.

கட்டி விழுவதற்குக் காரணம் வேறு. டப்பாவை ஆட்டாமல் ஸ்கூப்பில் அள்ளியிருப்பாய். அடியில் அமுங்கிய மாவு கூடுதலாக வந்துவிடும். மூடியபடி இரண்டு முறை குலுக்கு. உடனே திறக்காதே, தூசி அடங்கட்டும். அது நெஞ்சுக்கு ஆகாது. கிண்ணத்தில் முதலில் தண்ணீர், அப்புறம் மாவு. ஸ்பாட்டுலாவைக் கரண்டி போலச் சுழற்றாமல், மாவைக் கிண்ணத்தின் சுவரில் வைத்துத் தேய். கிண்ணத்தை இன்னொரு கையால் திருப்பிக்கொண்டே இரு. 45 நொடியிலிருந்து ஒரு நிமிடம் விடாமல் தேய்த்தால் காற்றுக்குமிழ் நசுங்கிப் போகும். மாவு மினுங்கும், ஸ்பாட்டுலாவைத் தூக்கினால் வழியாது.

வாயில் வைத்து, தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகும் இரண்டு நிமிடம் பொறு. எடுக்கும்போது ஆட்டி ஆட்டி எடுக்காதே, ஒரே இழுப்பில் எடு. மெதுவாக இழுத்தால் அச்சு நிரந்தரமாக இழுபட்டுவிடும்; வெடுக்கென்று இழுத்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். இதை நம்புவதற்கு எனக்கே நாளாயிற்று. மிஞ்சிய மாவில் ஒரு துண்டு எடுத்து இரண்டு விதமாகவும் இழுத்துப் பார்.

அப்புறம் அந்த அச்சை மேசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதே! உறைந்த தயிர் நீர் விடுவதைப் பார்த்திருப்பாய் அல்லவா, இதுவும் அப்படித்தான் நீர் விட்டுச் சுருங்கும். தண்ணீரில் போட்டு வைத்தாலோ உறிஞ்சி ஊதும். ஈரத்துணி சுற்றி வை, 10, 15 நிமிடத்துக்குள் ஸ்டோன் (அச்சிலிருந்து பல் மாதிரி வார்க்கும் கெட்டி ஜிப்சம்) ஊற்றிவிடு. 100 கிராம் ஸ்டோனுக்கு 30 மில்லி தண்ணீர். சாதா பிளாஸ்டருக்கு 45 முதல் 50. ஊற்றி ஒரு மணி நேரத்தில் பிரித்துவிடு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மேற்பரப்பு சுண்ணாம்பு போல உதிரும்.

நீ நாகர்கோவில்காரி என்பதால் ஒன்று சொல்கிறேன். ஆல்ஜினேட் வருவது பழுப்புக் கடற்பாசியிலிருந்து. உங்கள் கடலோரத்தை ஒட்டியே வடகிழக்கே போனால் மன்னார் வளைகுடாவில், மண்டபம் பக்கம் அந்தப் பாசியை எடுக்கிறார்கள். இதற்கு முன் ரப்பர் போல வளையும் பல் அச்சுக்கு அகர் என்ற கடற்பாசிக் கூழ்தான் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றதும் இது புழக்கத்துக்கு வந்தது. அடுத்த முறை டப்பாவைத் திறக்கும்போது கடல் ஞாபகம் வரட்டும், பயம் போய்விடும்.

கேள்வி: பல் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பல் அடைக்கும் ஜி.ஐ.சி. (கிளாஸ் அயனோமர்) சிமென்ட் கலந்து கொடுத்தால் டாக்டர் சில சமயம், "இது செத்துப்போச்சு, வேற கல" என்கிறார். எதைப் பார்த்துச் சொல்கிறார்?
- வாசகி, தேனி

பதில்: பளபளப்பைப் பார்த்துச் சொல்கிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் சொல்வது சரி. கலந்த சிமென்ட்டின் மேல் ஈர மினுமினுப்பு இருந்தால் உள்ளே அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அமிலம்தான் பல்லில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. லண்டனில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் இருவரும் உருவாக்கி 1972-ல் வெளியிட்ட இந்தச் சிமென்ட்டின் பெருமையே பல்லோடு தானாக ஒட்டுவதுதான். மினுமினுப்பு மங்கிவிட்டால் ஒட்டாது. அடைத்தது பெயர்ந்து நோயாளி திரும்பி வருவார்.

தூளை எடுத்து வைத்துவிட்டு, டாக்டர் "கலக்கலாம்" என்ற பிறகு திரவத்தைச் சொட்டுங்கள். முன்பே சொட்டி வைத்தால் அதிலுள்ள நீர் ஆவியாகும். பாட்டிலை நேராகக் கவிழ்த்துப் பிடியுங்கள். குமிழோடு விழுந்த சொட்டு முழுச் சொட்டு ஆகாது. தூளை இரண்டு பங்காக்கி, பிளாஸ்டிக் ஸ்பாட்டுலாவால் சின்ன இடத்துக்குள்ளேயே மடித்து மடித்துக் கலந்து, 40 நொடிக்குள் கையில் கொடுத்துவிடுங்கள். சிங்க் பாஸ்பேட் சிமென்ட் நேர் எதிர்: குளிர்ந்த கண்ணாடிப் பலகையில், கொஞ்சம் கொஞ்சமாகத் தூள் சேர்த்து, அகலமாகப் பரப்பித் தேய்க்க வேண்டும். அது கலக்கும்போதே சூடாகும், அந்தச் சூடு வெளியே போக வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி கலக்கும் பழக்கம் மட்டும் வந்துவிடக் கூடாது.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. கிருமி போகட்டும் என்று புதுப் பல்செட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டார். இப்போது மேல் செட் ஆடுகிறது. மறுபடி சூடுபண்ணி அழுத்திச் சரி செய்யலாமா?
- வாசகர், திருவாரூர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். பல்செட் அக்ரிலிக்கால் ஆனது. லேபில் அதை 74 டிகிரியில் மணிக்கணக்கில் நிதானமாக வேகவைத்து எடுக்கிறார்கள். கொதிநீரில் திடீரென்று போட்டால் உள்ளே அடங்கிக் கிடந்த இறுக்கம் விடுபட்டு வளைந்துவிடும். வீட்டில் அழுத்தினால் வேறு பக்கம் கோணும், ஈறும் புண்ணாகும். செட் செய்த டாக்டரிடமே காட்டுங்கள். உட்புறம் மட்டும் புதுப்பிக்க முடிகிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

இனிமேல் சாதா தண்ணீரில் மிருதுவான பிரஷ்ஷால் கழுவி, இரவு தண்ணீரிலேயே போட்டு வைக்கட்டும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வயதான கை, நழுவினாலும் உடையாது.