டெட்ராய்ட் டவுன்டவுனில் வீடு தேடுகிறோம்: வாடகைக்கு அபார்ட்மென்ட் எடுப்பதா, காண்டோ வாங்குவதா?

கேள்வி கேட்டவருக்கு வேலை டெட்ராய்டின் வடக்குப் புறநகரான ட்ராயில், வீட்டில் இரண்டு பேர், ஒரு கார். டெட்ராய்ட் டவுன்டவுனில் குடியேற ஆசை, நேராக ஒரு காண்டோவையே (தனித்தனியாக விற்கும் அடுக்குமாடி வீடு) வாங்கிவிடலாமா என்ற யோசனை.

முதல் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். அதில் ஒரு குளிர்காலமும் ஒரு பேஸ்பால் சீசனும் அடங்கட்டும். விளம்பரத்தில் போடும் தொகை இங்கே வாடகைக்கும் சரி, விலைக்கும் சரி, முழுத்தொகை இல்லை. வரிச்சலுகை, முதல் வருடத் தள்ளுபடி, பழைய ஓனர் கட்டிவந்த வரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு தேதி உண்டு. அந்தத் தேதிகளைத் தேடிப்பிடிப்பதுதான் இங்கே வீடு தேடுவதில் பாதி வேலை.

டவுன்டவுன் என்றால் வடக்கே ஐ-75, மேற்கே லாட்ஜ், கிழக்கே ஐ-375 என்ற நெடுஞ்சாலைகள், தெற்கே ஆறு. இதற்குள் இருப்பவை பெரும்பாலும் பழைய அலுவலகக் கோபுரங்களை வீடாக மாற்றியவை. 1928-இல் கட்டிய 34 மாடி ப்ரோடெரிக் டவர் 2012-இல் குடியிருப்பானது. டேவிட் விட்னி 2014-இலும் புக் டவர் 2023-இலும் திரும்பத் திறந்தன. இவையெல்லாம் வாடகை வீடுகள். காண்டோ குறைவு, புக் கேடிலாக் ஓட்டலின் மேல்தளங்களில் சில உண்டு. அதனால் வாங்க நினைப்பவர்கள் பொதுவாக ஐ-75-ஐத் தாண்டி ப்ரஷ் பார்க், மிட்டவுன், கிழக்கே லஃபாயெட் பார்க் பக்கம் போய்விடுகிறார்கள். ஜிப் கோடைக் கவனியுங்கள்: டவுன்டவுனின் பெரும்பகுதி 48226. அதைத் தாண்டிய 48201, 48207 பகுதிகளையும் விளம்பரத்தில் தாராளமாக 'டவுன்டவுன்' என்பார்கள்.

வாடகைக் கணக்கு இப்படி. '14 மாத லீஸ், 2 மாதம் இலவசம்' என்று போட்டு 1,800 டாலர் என்பார்கள். லீஸில் இருப்பது 2,100. 12 மாதத்துக்கு 2,100 கட்டி 14-ஆல் வகுத்தால்தான் 1,800 வரும். புதுப்பிக்கும்போது 2,100-இலிருந்துதான் பேச்சு தொடங்கும், 1,800-இலிருந்து இல்லை. இதோடு பார்க்கிங், குப்பை, தண்ணீர், நாய் பூனை இருந்தால் அதற்கு மாதக் கட்டணம் எல்லாம் சேரும். பழைய கட்டடங்களில் சிலவற்றில் வீட்டுக்கு வீடு மீட்டர் கிடையாது. மொத்த பில்லைச் சதுர அடிக் கணக்கில் பிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவைத்து ஹீட்டர் போட்டாலும் உங்கள் பங்கு ஏறும். கடந்த ஜனவரி, பிப்ரவரி பில் எவ்வளவு வந்தது என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

சென்னை மாதிரி மாதக்கணக்கில் அட்வான்ஸ் கேட்க முடியாது. மிச்சிகன் சட்டப்படி அதிகபட்சம் ஒன்றரை மாத வாடகை. ஆனால் அதைத் திரும்ப வாங்குவதில் கோட்டைவிடுபவர்கள் அதிகம். குடிபுகும்போது தரும் சரிபார்ப்புப் பட்டியலை 7 நாளுக்குள் நிரப்பிக் கொடுங்கள். தரையில் உள்ள கீறல்வரை எழுதுங்கள். காலி செய்தபின் 4 நாளுக்குள் புது முகவரியை எழுத்தில் கொடுக்க வேண்டும். அட்வான்ஸில் எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்ற பட்டியலை அனுப்ப வீட்டு ஓனருக்கு 30 நாள். அது வந்தபின் 7 நாளுக்குள் நீங்கள் மறுப்பு எழுதாவிட்டால் கழித்தது கழித்ததுதான்.

வீடு பார்க்க ஒரே ஒருமுறை, அதுவும் ஞாயிறு காலையில் போனால் எல்லாம் அமைதியாகத்தான் தெரியும். கொமெரிக்கா பார்க் பேஸ்பால் மைதானத்திலோ ஃபோர்ட் ஃபீல்ட் ஃபுட்பால் மைதானத்திலோ ஆட்டம் இருக்கும் மாலையில் காரிலேயே போய் நிறுத்த இடம் கிடைக்கிறதா பாருங்கள். பீப்பிள் மூவர் என்ற குட்டி ரயில் தரைக்கு மேலே, சில தெருக்களில் ஜன்னல் மட்டத்திலேயே ஓடுகிறது. மூன்றாம் மாடி வீடு என்றால் ஒரு வண்டி கடக்கும்வரை உள்ளே நின்று கேளுங்கள். படுக்கையறைச் சுவர் கூரைவரை போகிறதா என்று தலையைத் தூக்கிப் பாருங்கள். லாஃப்ட் வீடுகளில் பாதிச் சுவரோடு நிறுத்திவிட்டு 'ஒரு பெட்ரூம்' என்று கணக்குக் காட்டுவதுண்டு. நம் சமையலுக்கு இன்னொன்று: அடுப்புக்கு மேலே உள்ள ஃபேனைப் போட்டு, காற்று வெளியே போகிறதா, வடிகட்டி வழியே சமையலறைக்கே திரும்புகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். திரும்புகிற வகை என்றால் தாளித்த வாசனை வராந்தாவரை போகும்.

உங்கள் விஷயத்தில் பலருக்குத் தெரியாமல் போவது நகர வருமான வரி. டெட்ராய்டில் குடியிருந்தால் 2.4 சதவீதம், வெளியே குடியிருந்து நகரத்துக்குள் வேலை செய்தால் 1.2. ட்ராயில் இப்படி ஒரு வரியே இல்லை. ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம் என்றால் கிட்டத்தட்ட 2,100 டாலர் புதிய செலவு. ட்ராய் நிறுவனம் இதைப் பிடித்தம் செய்யாமல் போகலாம். அப்போது நீங்களே காலாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஏப்ரலில் மொத்தமாக வந்து நிற்கும். கார் இன்சூரன்ஸும் அப்படித்தான். லீஸில் கையெழுத்துப் போடுமுன் புது ஜிப் கோடைக் கொடுத்து விலை கேளுங்கள். டெட்ராய்ட் முகவரி என்றதும் பிரீமியம் தாவும்.

இனி வாங்குவது. மிச்சிகனில் வீட்டுக்குத் தீர்வை மதிப்பு சந்தை விலையில் பாதி. ஆனால் ஒரே ஓனர் வைத்திருக்கும்வரை, வரி போடும் மதிப்பு ஆண்டுக்குப் பணவீக்க அளவுக்கு மட்டுமே ஏறும். அதுவும் 5 சதவீதத்தைத் தாண்டாது. விற்றதும் இந்த உச்சவரம்பு அடுத்த ஆண்டே அறுந்துவிடும். ஒரு காண்டோ 3,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விலை மலிந்திருந்த காலத்தில் வாங்கியவர் 60,000 மதிப்புக்கு வரி கட்டிக்கொண்டிருப்பார். உங்களுக்கு அது 1,50,000. கணக்குக்காக 65 மில் (ஒரு மில் என்பது ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் வரி) என்று எடுத்தால், அவர் வரி 3,900, உங்கள் வரி 9,750. விளம்பரத்தில் போட்டிருப்பது அவர் வரி! வங்கியும் சிலசமயம் அதை வைத்தே மாதத் தவணையைச் சொல்லிவிடும். ஒரு வருடம் கழித்து எஸ்க்ரோ (வரி கட்ட வங்கி தவணையோடு பிடித்துவைக்கும் பணம்) பற்றாக்குறை என்று கடிதம் வரும்.

நீங்களே குடியிருந்தால் முதன்மைக் குடியிருப்பு விலக்கு கேட்டு மனு கொடுங்கள், 18 மில்வரை குறையும். கோடை வரிக்கு ஜூன் 1, குளிர்கால வரிக்கு நவம்பர் 1 கடைசி நாள். சொத்து கைமாறியதைச் சொல்லும் படிவம் 45 நாளுக்குள் போக வேண்டும்.

சில கட்டடங்களுக்கு என்.இ.இசட். (நெய்பர்ஹுட் என்டர்பிரைஸ் ஸோன்) என்ற சொத்து வரிச்சலுகை உண்டு. அது சில ஆண்டுகளுக்கு மட்டும்தான். 'சலுகை இருக்கிறது' என்று சொன்னால் போதாது; சான்றிதழின் முடிவு தேதியையும், உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மூன்று வருடம்தான் மிச்சம் என்றால் விலையை அதற்கேற்பக் குறைத்துப் பேசுங்கள்.

காண்டோ சங்கத்தின் கணக்கைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு வருடக் கூட்டக் குறிப்புகள், இந்த ஆண்டு பட்ஜெட், கையிருப்பு நிதி மூன்றும் வேண்டும். பட்ஜெட்டில் 10 சதவீதமாவது கையிருப்புக்குப் போக வேண்டும். நூறு வருடக் கட்டடத்தில் அது போதவே போதாது. முகப்பு டெரகோட்டா, லிஃப்ட், ஜன்னல் ஏதாவது ஒன்று பழுதானால் ஒரே தவணையில் பல ஆயிரம் கேட்பார்கள். 15 சதவீதத்துக்கு மேல் வீடுகள் 60 நாளுக்கு மேல் பராமரிப்புப் பாக்கி வைத்திருந்தாலோ, ஒரே ஆள் கையில் நிறைய வீடுகள் இருந்தாலோ சாதாரணக் கடன் கிடைப்பது கஷ்டம். உங்களுக்குப் பணம் இருந்தாலும், நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவருக்கு அதே சிக்கல் வரும். கட்டுநரிடமிருந்து நேராகப் புதுக் காண்டோ வாங்கினால், ஆவணங்கள் கைக்கு வந்தபின் 9 வேலை நாளுக்குள் விலகிக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. அந்த ஒன்பது நாளில் வக்கீல் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

லஃபாயெட் பார்க்கில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த டவுன்ஹவுஸ்கள் இந்தப் பகுதியிலேயே அழகானவை. ஆனால் அவை கூட்டுறவு வீடுகள்: நீங்கள் வாங்குவது வீட்டை இல்லை, சங்கத்தில் ஒரு பங்கை. மாதக் கட்டணம் பெரிதாகத் தெரியும். சொத்து வரியும் அதற்குள் அடக்கம் என்பதால் காண்டோவோடு அப்படியே ஒப்பிடக்கூடாது. இதற்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் குறைவு, முதலில் அதைத் தேடிவிட்டு வீடு பாருங்கள்.

மளிகைக்கு சனிக்கிழமை ஈஸ்டர்ன் மார்க்கெட் அருமை, ஆனால் இட்லி அரிசிக்கும் நல்லெண்ணெய்க்கும் புறநகர்தான் போக வேண்டும். மீனுக்கும் கீரைக்கும் அவ்வளவு தூரம் வேண்டாம். ஹாம்ட்ராம்க் என்ற பக்கத்துச் சிறுநகரில் உள்ள வங்காளதேசக் கடைகள் ஐ-75-இலிருந்து அதிக தூரமில்லை, நீங்கள் ட்ராயிலிருந்து திரும்பும் வழியில் போய்வரலாம்.