மோட்டரை விடுங்கள், பெட்டரியைப் பாருங்கள்

அன்புள்ள அண்ணா,

ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2020 மாடல் மின்சார மவுண்டன் பைக். பொஷ் நாலாம் தலைமுறை மோட்டர், 625 வாட்-ஹவர் பெட்டரி. சுவிஸில் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டுச் சாமான்களோடு கப்பலில் போட்டு அனுப்பியது. இப்போது கொழும்பில் ஒருவர் ஐந்தாம் தலைமுறை மோட்டரும் 800 பெட்டரியும் உள்ள வண்டியை விற்கிறார். என்னுடையதைக் கொடுத்து மேலே காசும் போட்டால் தருவாராம். என் மோட்டர் இறக்கத்தில் கடகடக்கிறது. பெட்டரியும் முன்பு போல இல்லையோ என்று சந்தேகம். மாற்றலாமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

அந்தச் சத்தத்தை முதலில் முடித்துவிடுவோம். மிதிக்காமல் கல் ரோட்டில் இறங்கும்போது வருகிறது, மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் அது கோளாறு இல்லை. நாலாம் தலைமுறை மோட்டரின் கூடப்பிறந்த குணம். உள்ளே இருக்கும் ஃப்ரீவீலும் (ஒரு பக்கமாக மட்டும் பிடித்துச் சுற்றும் பகுதி) பற்சக்கரங்களும் குலுங்கி ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. ஐந்தாம் தலைமுறையில் இதை அடக்கிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் ஒரு சத்தத்துக்காக வண்டியையே மாற்றவேண்டியதில்லை.

அடுத்தது பலம். உங்களுடையது வந்தபோது 75 நியூட்டன் மீட்டர் சுழற்று விசை, பிறகு வந்த மென்பொருளைப் போட்டிருந்தால் 85. புதியதும் 2024இல் வந்தபோது அதே 85தான். 2025இல் மென்பொருளைப் புதுப்பித்து 100 வரை ஏற்றினார்கள். நம்ம ஊர் ஏற்றத்தில் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், 100 மீட்டர் உயரம் ஏற 27 வாட்-ஹவர் வேண்டும். உரசல் எல்லாம் தனி. எந்த மோட்டர் போட்டாலும் இந்த 27 மாறாது, அதில் யார் எவ்வளவு கொடுப்பது என்பதுதான் மாறும். உங்கள் மோட்டர், டர்போ என்னும் உச்ச உதவி நிலையில், நீங்கள் ஒரு பங்கு மிதித்தால் 3.4 பங்கு கொடுக்கும். புதியது அந்தப் புதுப்பிப்போடு 4 பங்கு வரை கொடுக்கும். காலுக்குச் சுகம், பெட்டரிக்குச் செலவு. 800இல் நீங்கள் ஆசைப்படும் கூடுதல் தூரத்தில் ஒரு பகுதி இப்படியே போய்விடும். அதோடு, மழை பெய்த தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் நம்மை நிறுத்துவது மோட்டர் இல்லை. பின்சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும், அவ்வளவுதான். அந்த இடத்தில் 85 என்ன, 100 என்ன.

ஆக, உங்கள் கடிதத்தில் நிஜமான கேள்வி பெட்டரிதான். அதைச் சந்தேகத்தோடு விடாமல் அளந்து பாருங்கள். டயர் காற்றை ஒரே அளவில் வைத்து, முழுக்க சார்ஜ் போட்டு, மழையில்லாத ஒரு நாளில் டர்போவிலேயே ஏறுங்கள். ஒரே ரோடு, ஒரே பை. எத்தனை மீட்டர் உயரம் ஏறியபின் பெட்டரி பாதியானது என்று எழுதி வையுங்கள். நல்ல 625 பெட்டரி பாதியில் 900 மீட்டருக்குக் கிட்டத்தட்டவாவது ஏற்றவேண்டும். 600இலேயே பாதி தீர்ந்தால் சந்தேகம் சரி. விடியற்காலைக் குளிரில் சோதிக்காதீர்கள், அப்போது எந்தப் பெட்டரியும் குறைத்துத்தான் காட்டும்.

சரி, பெட்டரி போய்விட்டதென்றே வைத்துக்கொள்வோம். இங்கேதான் மலைநாட்டில் இருப்பவனுக்கும் சுவிஸில் இருப்பவனுக்கும் வித்தியாசம். 160 வாட்-ஹவருக்கு மேல் உள்ள லித்தியம் பெட்டரியைப் பயணிகள் விமானத்தில் கையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் போட முடியாது. 625, 800 எல்லாம் அந்த எல்லைக்கு எங்கேயோ மேலே. லீவுக்கு வரும் சொந்தக்காரர் சாக்லேட்டோடு எடுத்துவரும் சாமான் இல்லை இது. ஆபத்தான சரக்கு என்று முறையாகப் பதிந்து கார்கோவில்தான் வரவேண்டும். 800 வாங்கினால் இந்தத் தலைவலி தீராது, சில வருடம் தள்ளிப்போகும், அவ்வளவே. உங்கள் பழைய பெட்டரி புது வண்டிக்கு உதவும் என்றும் நினைக்காதீர்கள். புது வண்டியில் உள்ள பொஷ்ஷின் ஸ்மார்ட் சிஸ்டமும் உங்களுடையதில் உள்ள முந்தியதும் ஒன்றோடொன்று பேசாது. பெட்டரி, டிஸ்ப்ளே, சார்ஜர் எல்லாமே வேறு.

என்னைக் கேட்டால், சோதனையில் பெட்டரி தேறினால் மாற்றாதீர்கள். அந்தக் காசில் ஒரு சிறு பகுதியைப் பிரேக்குக்குப் போடுங்கள். 25 கிலோ வண்டி, நம்ம இறக்கம், தென்மேற்குப் பருவமழை: இந்த மூன்றும் சேர்ந்தால் ரெசின் பேட் (பிசின் கலந்த பிரேக் கட்டை) சீக்கிரமே தேய்ந்து பின்னாலுள்ள தகடு தெரியும். மெட்டல் பேட் நின்று பிடிக்கும். ஆனால் அதைப் போடுமுன் டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், நடுப்பக்கத்தில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொடி எழுத்தில் வெட்டியிருக்கலாம். இருந்தால் டிஸ்க்கையும் மாற்றவேண்டும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் வழியே போகும் பீக்கோ ட்ரெயில் பாதையின் 300 கிலோமீட்டரையும் துண்டு துண்டாக ஓடி முடிக்க ஆசை என்றால், ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் தயாராகவேண்டும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது பெட்டரியை முழுக்க ஏற்றி வைக்காதீர்கள். பாதி போதும்.

பெட்டரி தேறவில்லையென்றால் கொழும்பு வண்டியை யோசிக்கலாம். ஆனால் பணம் கொடுக்குமுன் அவர் தன் ஃபோனில் உள்ள பொஷ் ஆப்பின் கணக்கிலிருந்து வண்டியை உங்கள் கண்முன்னே நீக்கவேண்டும். ஸ்மார்ட் சிஸ்டத்தில் பூட்டு அந்த ஆப்பில்தான் இருக்கிறது, பூட்டிய வண்டியில் மோட்டர் வேலை செய்யாது. பெட்டரிச் சாவி இரண்டும் கைக்கு வரவேண்டும். இன்னொன்று, கொழும்பில் காலி முகத்திடலைச் சுற்றி ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. வண்டியை கினிகத்தேனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், அங்கிருந்து ஹட்டன் வரை நீங்களே மிதித்து ஏறிப் பாருங்கள். அதற்கு அவர் சரி என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், விலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.