தம்பிக்குக் கட்டும் பிரீமியம்

கேள்வி: வயது 43, தஞ்சாவூரில் தனியார் வேலை, கைக்கு 58,000 ரூபாய். பன்னிரண்டு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம், வலிப்பும் உண்டு. மனைவி அவனுக்காக வேலையை விட்டுவிட்டார். தம்பியின் கடைக்காக மூன்று வருஷத்துக்கு முன் என் பெயரில் 4 லட்சம் பர்சனல் லோன் போட்டேன் (14%, ஐந்து வருஷம்). தவணையை நானே கட்டுகிறேன். இப்போது நகையை அடகு வைத்து 3 லட்சம் கேட்கிறான். எங்கள் காலத்துக்குப் பிறகு மகனை அவன்தான் பார்க்க வேண்டும், எப்படி மறுப்பது? பிசியோதெரபியை வாரம் ஐந்து நாளிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டோம் (ஒரு முறைக்கு 400). கால் ஸ்ப்ளின்ட்டில் (பாதத்தை நேராகத் தாங்கும் அணைப்பு) பெருவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சிறப்புக் குழந்தைக்கென்று ஏஜென்ட் சொல்லும் யூலிப் (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி) போடலாமா?

பதில்: அடையாள அட்டை, மாத உதவித்தொகை எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நேராகத் தம்பிக்கு வருகிறேன்.

உங்கள் தவணை ஏறக்குறைய 9,300. இதுவரை 3.35 லட்சம் கட்டியாகிவிட்டது, இன்னும் இரண்டு வருஷத் தவணையாக 2.2 லட்சம் பாக்கி. தெரபியில் மூன்று நாளைக் குறைத்து நீங்கள் மிச்சம் பிடிப்பது மாதம் ஐயாயிரத்துச் சொச்சம். அதாவது பையன் காலிலிருந்து எடுத்துத் தம்பி கடைக்குக் கொடுக்கிறீர்கள். நகைக் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் இன்னொரு 3,000, அசல் அப்படியே நிற்கும். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

இதை உதவி என்று நினைக்கிறீர்கள். எனக்கு இது, பின்னால் தம்பி பையனைப் பார்த்துக்கொள்வார் என்று கட்டும் பிரீமியமாகத்தான் தெரிகிறது. பாலிசிப் பத்திரம்தான் கையில் இல்லை. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பையனை நான்கு நாள் தம்பி வீட்டில் விட்டிருக்கிறீர்களா? வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியுமா? தவணையில் மாதம் 4,000 கட்டச் சொல்லிப் பாருங்கள். அதற்கே இழுத்தடித்தால், பின்னால் நடக்கப்போவது இப்போதே தெரிந்துவிடும்.

பாதுகாவலர் என்பது தம்பிக்கு நீங்கள் வாய்மொழியாகக் கொடுத்துவிடக்கூடிய பதவி அல்ல. மகனுக்குப் பதினெட்டு முடிந்ததும், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் வாங்க வேண்டும். பெற்றோரே முதலில் ஆகலாம். யார் பாதுகாவலரானாலும் பையனின் சொத்துப் பட்டியலை ஆறு மாதத்துக்குள் கொடுத்து, வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும். ஆக, முன்பணம் கட்டிப் பிடித்து வைக்கிற இடமல்ல அது. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேர்ந்துவிட்டீர்களா? வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான், ஒரு லட்சம் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் வரும். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

யூலிப் வேண்டாம். சிறப்புக் குழந்தை என்று அட்டையில் அச்சடித்துவிட்டால் உள்ளே இருக்கும் கட்டணம் குறையாது. வரி மிச்சம் என்பார்; உங்கள் சம்பளத்துக்குப் புதிய வருமான வரி முறையில் வரியே கிடையாது, எதை மிச்சம் பிடிப்பது? உங்களுக்கு வேண்டியது உங்கள் உயிர்மேல் ஒரு கோடிக்கு வெறும் டேர்ம் பாலிசி, அதாவது முதலீடு கலக்காமல், இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது. எடுக்கும்போதே 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவியைப் பயனாளியாக்கி விண்ணப்பியுங்கள். பிறகு சேர்க்க முடியாது. அந்தப் பணத்தில் உங்கள் கடன்காரர்கள் கை வைக்க முடியாது, தம்பியும்தான்.

லோன் முடிந்ததும் அதே 9,300ஐ நிறுத்தாமல் ஆர்.டி.யில் போட்டால், 7% என்று வைத்தாலும் பத்து வருஷத்தில் 16 லட்சம் நிற்கும்.

கடைசியாக, அந்த நகை யாருடையது என்று கடிதத்தில் இல்லை. மனைவியுடையது என்றால், தம்பிக்கு இல்லை என்று சொல்ல அவரைக் கூப்பிடுங்கள். உங்களைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார். இந்த மாதச் சம்பளம் வந்ததும் முதலில் புது ஸ்ப்ளின்ட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வாருங்கள்.