12 வோல்ட் ஹாலஜன் சீலிங் விளக்குகளுக்கு டிம்மர் மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். ஆனால் டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்விட்ச்) வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் சீலிங்கிலிருந்து ஒரு விளக்கைக் கழற்றி, பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹாலில் ஆறு பல்பு, ஒவ்வொன்றும் 50 வாட், இப்போது சாதாரண ஸ்விட்ச் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். உள்ளே 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எந்த வகை என்று எழுதவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. சுவரில் உட்கார்ந்திருக்கும் டிம்மருக்குப் பல்பைத் தெரியாது, டிரான்ஸ்ஃபார்மரைத்தான் தெரியும்.

மெயினை அணைத்துவிட்டு, பல்பு நன்றாக ஆறிய பிறகு கழற்றுங்கள். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கிளிப் இருக்கும், விரலைக் கவ்வும், ஜாக்கிரதை. வயரைப் பிடித்து இழுத்தால் கூடவே வருவது கனமான இரும்புக் கட்டியாக இருந்தால் அது பழைய சுருள் டிரான்ஸ்ஃபார்மர். லேசான பிளாஸ்டிக் பெட்டியாக இருந்து, மேலே '20–60 வாட்' என்கிற மாதிரி அச்சடித்திருந்தால் எலக்ட்ரானிக் வகை.

டிம்மர் செய்வது வோல்டேஜைக் குறைக்கும் வேலை இல்லை. நொடிக்கு 100 முறை கரண்ட் அலையில் ஒரு பகுதியை வெட்டி எறிகிறது. அலையின் முன்பக்கத்தை வெட்டுவது லீடிங் எட்ஜ், பின்பக்கத்தை வெட்டுவது டிரெய்லிங் எட்ஜ். சுருள் டிரான்ஸ்ஃபார்மருக்கு லீடிங் எட்ஜ்தான் ஒத்துவரும். எலக்ட்ரானிக் வகைக்குப் பெரும்பாலும் டிரெய்லிங் எட்ஜ். சில எலக்ட்ரானிக் பெட்டிகளை டிம் செய்யவே முடியாது, அதையும் லேபிளில் பாருங்கள். நல்ல டிம்மரின் முதுகில் ஆர், எல், சி என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். எல் என்றால் சுருளுக்கு, சி என்றால் எலக்ட்ரானிக்குக்கு. வெறும் ஆர் மட்டும் இருந்தால் அது சாதாரண குண்டு பல்புக்கானது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'ஃபேன் ரெகுலேட்டரே போதும் சார்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

நான் வீட்டு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன். ஒரு வீட்டில் படுக்கையறை விளக்கைப் பாதிக்குக் குறைத்தால் சீலிங்குக்குள் வண்டு புகுந்த மாதிரி 'ங்ங்ங்' என்று சத்தம். முழு வெளிச்சத்தில் சத்தமே இல்லை. மேலே இருந்தது சுருள் டிரான்ஸ்ஃபார்மர், சுவரில் இருந்தது குண்டு பல்பு டிம்மர். டிம்மரை மாற்றியதும் சத்தம் நன்றாகக் குறைந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. வெட்டிய அலை சுருளுக்குள் போனால் கொஞ்சம் முனகத்தான் செய்யும். சத்தம் கூடப் பரவாயில்லை. பொருந்தாத டிம்மர் அலையின் இரண்டு பாதியையும் ஒரே அளவாக வெட்டாமல் போனால் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி எரிந்தே போகும். அதன் கீழ் உள்ள பல்பு ஃபியூஸ் ஆகி லோடே இல்லாமல் ஓடும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம். பல்பு போனால் உடனே மாற்றிவிடுங்கள்.

டிம்மரின் அளவு: ஆறு பல்புக்கு 300 வாட். சுருள் டிரான்ஸ்ஃபார்மர் தன் பங்குக்கு 10 முதல் 20 சதவீதம் சாப்பிடும். அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 400 வாட் குண்டு பல்புக்கான கணக்காக இருக்கலாம், எல் லோடுக்கு எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். நான் 600 வாட்டுக்குக் குறைந்து போடமாட்டேன். இன்னொன்று, டிம்மர் 230 வோல்ட் பக்கம், அதாவது டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் வர வேண்டும். 12 வோல்ட் பக்கத்தில் இதே 300 வாட்டுக்கு 25 ஆம்பியர் ஓடும், சுவர் டிம்மர் அதைத் தாங்காது.

பல்பு ஆயுள் குறையுமா என்று கேட்டீர்கள். ஹாலஜன் பல்புக்குள் ஆவியாகும் டங்ஸ்டன் திரும்ப இழையிலேயே போய்ப் படிய வேண்டுமென்றால் கண்ணாடி ஏறத்தாழ 250 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். எப்போதும் மங்கலாகவே எரித்தால் இது நடக்காது, கண்ணாடி உள்பக்கம் கறுக்கலாம். ஆனால் அப்போது இழையும் சூடு குறைந்துதான் எரிகிறது, அதனால் ஆயுள் பொதுவாகக் குறையாது. அவ்வப்போது கொஞ்ச நேரம் முழு வெளிச்சத்தில் எரியவிடுங்கள், சரியாகிவிடும். கரண்ட் பில்லில் மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வெளிச்சம் குறைகிற வேகத்தில் வாட் குறையாது.

அப்புறம், இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் 'எல்இடி போட்டுத் தொலையுங்களேன்' என்று நினைப்பீர்கள். நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் பல்பை மட்டும் மாற்றினால் போதாது. எலக்ட்ரானிக் பெட்டி குறைந்தது 20 வாட் கேட்கும், எல்இடி பல்போ 6 வாட்தான். மினுக்கும், சில சமயம் எரியவே எரியாது. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு டிம் செய்யக்கூடிய எல்இடி டிரைவர் (எல்இடிக்கு ஏற்ற மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போடுங்கள், டிம்மரும் அந்த டிரைவர் கம்பெனி சொல்கிற வகையாக இருக்கட்டும். சீலிங்கைத் திறக்கிற நேரத்திலேயே இதையும் யோசித்துவிட்டால் இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.